ஒரே வாசலால் நுழைந்த இருவர்

கட்டுநாயக்கா விமான நிலையத்திலே, பிரயாணிகள் உட்செல்லும் வாசலருகே அரை மணி நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இக் காட்சி புதிதன்று. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளை ஒன்று. அதனைச் சூழத் தாய், தகப்பன், அம்மம்மா, சித்தி, மச்சான்மார். நடுவிலே வாயைப் பிளந்தபடி ஒரு பெரிய பெட்டி. நிறை கூடிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எதை வெளியே எடுப்பது? புத்தகங்களையா, கம்பளிச் சட்டையையா, தாயார் இரண்டு நாளாக வறுத்து இடித்த மிளகாய்த்தூளையா? பெரும்பாலும் புத்தகங்களே வெளியே வரும். மிளகாய்த்தூள் கடல் கடந்து போகும்.

இதைக் கண்டு நகைப்பவர் நகைக்கட்டும். நான் நகைப்பதில்லை. பிள்ளை போகும் ஊரிலே அறிவு கிடைக்கும், புத்தகம் கிடைக்கும், உபகாரச் சம்பளமும் கிடைக்கக் கூடும். தன்னைப் பார்த்து, “சாப்பிட்டாயா?” என்று கேட்க ஒருவர் கிடைப்பாரா என்பதே அத் தாயின் கவலை. அக் கவலைக்குக் காரணம் உண்டு என்பதற்குச் சாட்சியாக இரு தமிழ் மாணவரின் கதையை இன்று வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். இருவரும் சென்னையிலிருந்து சென்றவர்கள்; இருவரும் சென்று சேர்ந்தது கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையின் திரினிற்றிக் கல்லூரி. ஒருவர் சென்றது 1914இல், மற்றவர் சென்றது 1930இல். முன்னவர் கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன். பின்னவர் வானியற் பௌதிக அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். இவர்களுடைய ஆராய்ச்சிகளைப் பற்றி அறிந்தவர்கள் எழுதிய நூல்கள் பல. நாம் பார்க்கப் போவது அவர்களுடைய கட்டிலையும், அடுப்பையும், தபாலையும்.

இராமானுஜன் புறப்பட்டபோது அவருக்கு வயது 26. சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், 1913 ஜனவரியில் கேம்பிறிட்ஜ் பேராசான் ஹாடிக்கு எழுதிய ஒரு கடிதத்தால் உலகத்தின் கண்ணிற் பட்டார். அவ்வாண்டு மே மாதத்திலிருந்து சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா கொடுத்து அவரை ஆராய்ச்சி மாணவர் ஆக்கியது. பட்டப் பரீட்சைக்கு முந்திய பரீட்சையிலேயே தவறியவருக்கு இது கிடைத்தது பெரிய காரியம். ஆனால் சீமைக்கு வரும்படி ஹாடி அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார். கடல் கடந்தால் சாதியாசாரம் கெட்டுவிடும் என்று எண்ணிய வைதிகக் குடும்பம் அது. தாயார் கோமளத்தம்மாள் உடன்படவில்லை. பின்பு குலதெய்வமாகிய நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே தோன்றி விடை கொடுத்ததாகச் சொல்லி அத் தாயே மனம் மாறினார் என்பர். கனவின் உண்மையை ஆராய்வது நம் வேலையன்று. மகனைப் போகவிட ஒரு தாய்க்கு ஏதோ ஒரு வழி வேண்டியிருந்தது. அவ் வழி கிடைத்தது.

பணம் ஒழுங்காயிற்று. சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுண் கொடுத்தது. திரினிற்றிக் கல்லூரி 60 பவுண் சேர்த்தது. அந்த 250இல் 50 பவுணைக் கும்பகோணத்திலுள்ள குடும்பத்துக்கு அனுப்பும்படி இராமானுஜன் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியது என்று எண்ணுவோர் இதைக் குறித்துக்கொள்க.

புறப்படும் முன் தாயையும் மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். குடுமியைக் கத்தரிப்பதை அவர்கள் பார்க்கக்கூடாது என்பதே காரணம். கத்தரித்தபோது அவர் கண் கலங்கினார் என்று உடனிருந்தோர் சொல்லியிருக்கின்றனர். காலுறை, சப்பாத்து, கழுத்துப்பட்டி ஆகியவற்றோடு சில நாள் பழகினார்; கத்தியும் முள்ளும் பிடிக்கக் கற்றார். 1914 மார்ச் 17ஆந் திகதி ‘நெவாசா’ என்னுங் கப்பல் சென்னையை விட்டு நீங்கியது. நம் கொழும்புத் துறைமுகத்திலே தங்கி, ஏடன், சூயஸ் வழியாகச் சென்று ஏப்பிரில் 14இல் இலண்டனை அடைந்தது. நமக்கு அது புதுவருஷப் பிறப்பு நாள்.

கேம்பிறிட்ஜில் முதற் சில வாரங்கள் கணித விரிவுரையாளர் நெவில் அவர்களின் இல்லத்தில் விருந்தினராக இருந்தார். அவர் அடைந்த அந்தச் சில வாரங்களே அந் நாட்டில் அவருக்குக் கிடைத்த நல்ல நாட்கள் என்று நினைக்கின்றேன். ஒரு வீடு, அவ் வீட்டில் ஓர் இல்லாள், வேளைக்கு ஒரு குரல். பின்பு கல்லூரி அறைக்கு இடம் மாறினார். கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்திலே மற்ற மாணவரோடு வரிசையாக அமர்ந்து உண்பது அவருக்கு ஆகவில்லை. மரக்கறியைக்கூட விலங்குக் கொழுப்பில் பொரித்துவிடுவார்கள் என்ற அச்சம். ஆகவே தம் அறையிலேயே வாயு அடுப்பில் தாமே சமைத்துக்கொண்டார். அரிசியும் சரக்குகளும் ஊரிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பொதியாக வந்தன. ஊர் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றிலே, நாவை அடக்கிவிட்டதாகவும், வெறுஞ் சோற்றையும் சிறிது உப்பையும் எலுமிச்சம்புளியையும் கொண்டு எவ்வளவு காலமும் வாழ முடியும் என்றும் எழுதினார். அதனை வாசித்த நண்பர் மகிழ்ந்தாரோ கவலைப்பட்டாரோ, அறியோம். ஒரு தாய் வாசித்திருந்தால் அடுத்த கப்பலுக்கே பொதி கட்டியிருப்பாள்.

அந்த அறையிலே நடந்த இரு சம்பவங்களை, பிற்காலத்தில் இந்தியப் புள்ளிவிபரவியலின் தந்தை என்று போற்றப்பட்ட மஹலநோபிஸ் சொல்லியிருக்கின்றார். அவர் அப்பொழுது பக்கத்துக் கல்லூரியாகிய கிங்ஸ் கல்லூரியின் மாணவர். குளிர்காலத்தில் ஒருநாள் இராமானுஜன் கணப்படுப்பின் அருகே நெருங்கி உட்கார்ந்திருக்கக் கண்டு, “இரவில் குளிர்கிறதா?” என்று வினாவினார். குளிர்கிறது என்றார், மேற்சட்டையோடும் போர்வையைச் சுற்றிக்கொண்டும் படுத்தாலும் குளிர் தாங்கவில்லை என்றார். மஹலநோபிஸ் படுக்கையறைக்குட் சென்று பார்த்தார். கட்டிலிலே கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன. ஆனால் அந் நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு இடப்பட்டிருந்தது. அக் கம்பளிகளைப் பிரித்து அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அத்தனை கம்பளிகளின் மேலே, விரிப்பை மட்டும் போர்த்துக்கொண்டு, அந்த மேதை நடுங்கியபடி இரவுகளைக் கழித்திருக்கின்றார். மஹலநோபிஸ் ஒருமுறை பிரித்துக் காட்டினார், விஷயம் முடிந்தது.

இதை வாசிக்கும் மாணவர்களை ஒரு கணம் நிற்கும்படி கேட்பேன். எண்களின் அந்தரங்கமெல்லாம் அறிந்த ஒருவருக்கு இது தெரியாமற் போனதா என்று கேட்பது எளிது. ஆனால் எப்படித் தெரியும்? பாயிலே படுத்துப் பழகியவர். நூலில் எழுதப்படாத விஷயம். விரிவுரையிற் சொல்லப்படாத விஷயம். கேட்பதற்கு வெட்கம்; கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்பதே தெரியாத நிலை. அயல்நாட்டு வாழ்வின் துன்பங்களிற் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்தது. பாடம் கடினமாக இருந்தால் அது கடினம் என்பது மாணவனுக்குத் தெரியும். கம்பளி விஷயம் அப்படியன்று.

மற்றச் சம்பவம் இனிமையானது. 1914 டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மஹலநோபிஸ் அவ்வறையில் உட்கார்ந்து ‘ஸ்ராண்ட்’ என்னும் சஞ்சிகையிலிருந்த ஒரு புதிரைப் படித்தார். இராமானுஜனோ அடுப்பின்மேல் மரக்கறி கிளறிக்கொண்டிருந்தார். ஒரு தெருவிலே 1 தொடங்கி வரிசையாக இலக்கமிட்ட வீடுகள். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்புறமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். அவ் வீட்டின் இலக்கம் என்ன? மஹலநோபிஸ் சிறிது முயன்று விடையைக் கண்டிருந்தார்: 288 வீடுகள், 204ஆம் இலக்கம். இராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்காமலே, “எழுதிக்கொள்ளுங்கள்” என்று ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அதனுள்ளே இந்த ஒரு விடை மட்டுமன்று, எத்தனை வீடுகள் இருந்தாலும் வரக்கூடிய விடைகள் எல்லாம் வரிசையாக அடங்கியிருந்தன. எட்டு வீடுள்ள தெருவில் ஆறாம் இலக்கம் அவற்றுள் ஒன்று. பிள்ளைகள் கூட்டிப் பார்க்கலாம்.

படிப்பிலும் அவருக்குத் தடுமாற்றம் இல்லாமலில்லை. அந் நாட்டுக் கணிதர்கள் நிறுவலைக் கேட்டார்கள். இவரோ முடிவைச் சொன்னார். ஹாடியும் அவருடைய தோழர் லிற்றில்வுட்டும் பெரிய சங்கடத்திற்கு ஆளானார்கள். அடிப்படைகளையெல்லாம் முதலிலிருந்து படித்து வா என்று சொன்னால் இவருடைய ஊக்கம் கெட்டுவிடுமோ என்ற பயம். சொல்லாமல் விட்டால் பிழைகள் நிற்குமே என்ற பயம். ஹாடி இடைவழி ஒன்றைப் பிடித்தார். தாம் இராமானுஜனுக்குக் கற்பித்ததைவிட அவரிடமிருந்து கற்றதே அதிகம் என்று பின்பு எழுதியும் வைத்தார். முன்பட்டம் இல்லாதவர் ஆராய்ச்சி மாணவராகச் சேர முடியாது என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்குரிய பீ.ஏ. பட்டம் கிடைத்தது. ஊரிலே இருமுறை பரீட்சையில் தவறியவருக்குக் கிடைத்த முதற் பட்டம் அதுவே.

ஆனால் அவர் சென்று நான்கு மாதத்தில் மகாயுத்தம் மூண்டுவிட்டது. லிற்றில்வுட் யுத்த சேவைக்குப் போனார். மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். கல்லூரி முற்றமொன்றிலே காயப்பட்ட போர்வீரரின் கட்டில்கள் வந்தன. நல்ல பாலும் காய்கறியும் அரிதாயின. மரக்கறி உணவு மட்டும் உண்பவருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சமைப்பதும் ஒழுங்காக இல்லை. முப்பது மணி நேரம் ஓயாது வேலை செய்வார். இருபது மணி நேரம் உறங்குவார். நாளுக்கு ஒருமுறை சமைப்பார்.

இக் காலத்தில் நடந்த ஒரு விருந்து, அவருடைய உள்ளத்தின் நிலையை நமக்குக் காட்டுகின்றது. இந்திய நண்பர் ஒருவரையும், அவர் மணக்கவிருந்த பெண்மணியையும், இன்னொரு பெண்மணியையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தம் கையாலே இரசம் வைத்தார். எல்லாரும் சுவைத்து உண்டனர். இரண்டாம் முறையும் வாங்கினர். மூன்றாம் முறை பரிமாறப் போனபோது பெண்கள் போதுமென்றனர். சற்று நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். வருவார் வருவார் என்று காத்திருந்த நண்பர் கீழே சென்று வாயிற்காவலரை விசாரிக்க, வாடகை மோட்டாரில் ஏறிப் போய்விட்டார் என்றார்கள். நாலு நாள் கழித்து ஒக்ஸ்போட்டிலிருந்து தந்தி வருகின்றது: ஐந்து பவுண் அனுப்பவும் என்று! தாம் சமைத்ததைப் பெண்கள் வேண்டாமென்றது மனத்தைப் புண்படுத்திவிட்டதாம். அவர்கள் இருக்கும்வரை அங்கே இருக்க மனம் வரவில்லையாம்.

இக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அயலார் வீட்டில் கையலம்பி எழுந்தபின்னும், “இன்னும் ஒரு கை போடட்டுமா?” என்று கேட்கப்பட்டு வளர்ந்த நம்மவர் சிரிப்பதற்கு முன் யோசிப்பர். அவருக்கு அந்த நாட்டில் கொடுப்பதற்கு இருந்தது இரண்டே பொருள்: கணிதமும் இரசமும். கணிதத்தை வாங்கிக்கொள்ள உலகில் ஆறேழு பேர் இருந்தனர். இரசத்தை வாங்கிக்கொள்ள அன்று மூவர்.

தபாலும் கைவிட்டது. மனைவி எழுதிய கடிதங்கள் அவருக்குச் செல்லாமலும், அவர் எழுதியவை மனைவிக்கு வராமலும் வீட்டிலேயே தடுக்கப்பட்டன என்று ஜானகி அம்மாள் பிற்காலத்திற் சொன்னார். மாமி மருமகள் பிணக்கு எந்த வீட்டிலும் உண்டு. கும்பகோணத்தில் நிகழ்ந்த பிணக்கின் பாரம் கேம்பிறிட்ஜில் தனியறையொன்றில் இறங்கியது. 1917ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர் நோயுற்றார். வைத்தியசாலைகள், ஆரோக்கிய நிலையங்கள் என்று அலைந்தார். 1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் சுரங்க ரெயில் நிலையமொன்றிலே தம் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். காவலர் ஒருவர் மின்விசையை நிறுத்த, ரெயில் சில அடி தூரத்தில் நின்றது. ஹாடி தலையிட்டுப் பொலிசாரிடமிருந்து அவரை விடுவித்தார். அதே ஆண்டிலேதான் றோயல் சொசையிற்றியின் அங்கத்தவர் ஆனார். திரினிற்றிக் கல்லூரியின் அங்கத்தவரும் ஆனார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாணவன் எப்படித் தோன்றுகின்றான் என்பதும், அவன் உள்ளே எப்படி இருக்கின்றான் என்பதும் எவ்வளவு தூரம் விலகி நிற்கக்கூடும்! புகழ்க் கடிதங்கள் வந்த அதே முகவரிக்கு வீட்டுக் கடிதம் வரவில்லை.

ஹாடியைக் குறை கூறுவது நியாயமன்று. அவர் இல்லாவிடில் இராமானுஜனே இல்லை. ஆயினும் பல ஆண்டுகள் நாள்தோறும் கண்டு பேசியும், கேட்டிருக்கக்கூடிய பலவற்றைத் தாம் கேளாமலே விட்டுவிட்டதாக அவரே பின்பு வருந்தினார். அவர் வருந்தியது பெரும்பாலும் கணிதம் பற்றியே. பிறர் சொந்த விஷயத்தில் தலையிடாமை ஆங்கிலேயரிடத்தில் மரியாதை. நம்மவரிடத்தில் அதற்குப் பெயர் வேறு.

1919 மார்ச்சில் இராமானுஜன் திரும்பி வந்தார். 1920 ஏப்பிரில் 26ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அச் செய்தியைப் பத்திரிகையிற் படித்த ஒரு தாய், ஒன்பது வயது மகனைக் கூப்பிட்டு, இன்ன மேதை இறந்தார் என்று சொன்னார். அம் மகன்தான் சந்திரசேகர். அந்த நாளைத் தாம் மறக்கவில்லை என்று முதிய வயதிலும் அவர் சொன்னார்.

சந்திரசேகர் போன விதம் முற்றிலும் வேறு. அவர் 1910இல் லாகூரிலே பிறந்தவர். தகப்பனார் ரெயில்வே கணக்குப் பகுதி உத்தியோகத்தர். சிறிய தகப்பனார் சேர் சீ. வீ. இராமன். வீட்டிலே புத்தகசாலை, வீணை, ஆங்கிலம் எல்லாம் இருந்தன. தாயார் சீதாலட்சுமி பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததோடு, இப்சன் எழுதிய ‘பொம்மை வீடு’ என்னும் நாடகத்தைத் தமிழிற் பெயர்த்தவர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே சந்திரசேகருடைய கட்டுரை ஒன்று றோயல் சொசையிற்றியின் சஞ்சிகையில் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் அரசாங்க உபகாரச் சம்பளம் கைக்கு வந்தது. குடுமியும் இல்லை, கனவும் தேவையில்லை.

ஒரே ஒரு தடை. தாயார் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். போனால் மீண்டும் காண்பது அரிது என்பது வீட்டிலுள்ளோர்க்குத் தெரியும். இனத்தவர் சிலர் போகாதே என்றனர். அவருக்கும் மனம் தளர்ந்தது. போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் தாயாரே. இவன் எனக்காகப் பிறந்தவனல்லன், உலகத்திற்காகப் பிறந்தவன் என்ற கருத்துப்பட அவர் பேசினார் என்பது அக் குடும்பத்திலே நிலைத்துவிட்ட செய்தி.

1930 ஜூலை 31இல் பம்பாயிலிருந்து ‘பில்ஸ்னா’ என்னுங் கப்பல் புறப்பட்டது. முதற் சில நாட்கள் கடற் கொந்தளிப்பால் தலை சுற்றியது. கடல் அமைதியானதும் கப்பற்றளத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தம்மோடு கொண்டுவந்த கணக்கைத் தொடர்ந்தார். எரிந்து தீர்ந்த விண்மீன் ஒன்று வெண்குறுமீனாகச் சுருங்கி அமைவதற்கு ஓர் உச்ச நிறை உண்டு. அதற்கு மேற்பட்டால் அம் மீன் அவ்வாறு அமைய முடியாது என்ற முடிவு அந்தக் கடற் பிரயாணத்திலே பிறந்தது. நம் சூரியனுடைய நிறையின் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று பாடநூல்கள் கூறும் ‘சந்திரசேகர் எல்லை’ இதுவே. 1983இல் அவருக்கு நோபல் பரிசு வந்தபோது இக் கப்பற் கணக்கை நினைவு கூராதவர் இல்லை.

இலண்டனில் இறங்கியவுடன் கிடைத்த வரவேற்பு அவ்வளவு உவப்பானதன்று. கேம்பிறிட்ஜ் அனுமதி பற்றிய தாள்களிலே ஏதோ குழப்பம். அலுவலகத்தார் கையை விரித்தனர். அவருக்கு உதவக்கூடிய பேராசான் பவுலர் விடுமுறையில் அயலூர் போயிருந்தார். தெரியாத நகரிலே, பத்தொன்பது வயதில், சேருமிடம் உண்டோ இல்லையோ என்று தெரியாமல் சில நாள் அலைந்தார். பவுலர் தலையிட்டபின் வழி திறந்தது. இன்றைக்கும் விசாவும் அனுமதிக் கடிதமுமாக அலுவலக வாசல்களில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஆறுதலோ என்னவோ!

கேம்பிறிட்ஜ் அவரைத் திகைக்க வைத்தது. ஊரிலே இவரே முதல்வர். இங்கோ றதபோட், எடிங்ரன், டிராக் முதலிய பெயர்கள் தெருவிலே நடந்து சென்றன. தம் அற்பத்தன்மை ஒரே நாளிற் புலப்பட்டதுபோல் இருந்தது. பவுலரைக் காண்பதே அரிது. ஒவ்வொரு நாளும் பல மணி நேரம் தனியே படித்தார். டிராக் அவர்களின் குவாண்டம் விரிவுரைகளை ஒருமுறையன்று, நான்கு முறை இருந்து கேட்டார். நல்ல சங்கீதத்தைப்போல் மீண்டும் மீண்டும் கேட்கத்தக்கது அது என்பது அவர் கருத்து. தகப்பனாருக்குக் கிழமை தவறாமற் கடிதம் எழுதினார்; அங்கிருந்தும் நீண்ட பதில்கள் வந்தன. சாப்பாட்டு விஷயத்தில் மரக்கறியே என்று உறுதியாக இருந்து, கிடைத்ததை உண்டு, அதைப் பெரிதாக்காமல் விட்டுவிட்டார். இராமானுஜனுக்கு அடுப்பாக இருந்த பிரச்சினை இவருக்கு வெறும் அசௌகரியமாக நின்றது. பதினாறு ஆண்டுகளில் உலகமும் சிறிது மாறியிருந்தது, யுத்தமும் இல்லை.

1931 மே மாதத்தில் தந்தி வந்தது. தாயார் காலமானார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். கப்பலேறினாலும் மூன்று வாரம். செய்வதற்கு ஒன்றுமில்லை. கேம்பிறிட்ஜ் அறை அதன்பின் அவருக்குத் தாங்க முடியாததாயிற்று.

இங்கேதான் அவர் இராமானுஜனிடமிருந்து வேறுபடுகின்றார் என்று எனக்குத் தோன்றுகின்றது. இருந்த இடத்திலேயே இருந்து வாடாமல் இடத்தை மாற்றினார். அக் கோடையில் ஜெர்மனியிலுள்ள கொற்றிங்கன் சர்வகலாசாலைக்கு எழுதி, மக்ஸ் போர்ன் அவர்களிடம் சென்று தங்கினார். மீண்டு வந்தும் மனம் அமையவில்லை. தாம் எடுத்த துறை சரிதானா என்றே ஐயுற்றார். டிராக் அவர்களிடம் கேட்டபோது, கொப்பன்ஹேகனிலே நீல்ஸ் போர் நடத்தும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பாரும் என்றார். 1932இல் அங்கே சென்றார். உபகாரச் சம்பளத்தின் மூன்றாம், இறுதி ஆண்டு அது. பட்டம் கொடுப்பது கேம்பிறிட்ஜ்; படிப்பது டென்மார்க்கில்! ஊரிலுள்ள பெரியவர் எவரும் இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

அங்கே எல்லாரும் ஒரே விடுதியில் தங்கினார்கள். ஒரே மேசையில் உண்டார்கள். ஜெர்மானியர், பெல்ஜியர், டேனியர் என்று பல தேசத்து இளைஞர். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்தனர். ஒருவனுடைய கணக்குப் பிழைத்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்தனர். கேம்பிறிட்ஜில் இரண்டாண்டில் கிடையாத தோழமை அங்கே சில கிழமையிற் கிடைத்தது. ஆராய்ச்சியோ அங்கே கைகூடவில்லை. டிராக் கொடுத்த பிரச்சினையொன்றைத் தீர்த்துவிட்டதாக எண்ணி எழுதிய கட்டுரையில் பிழை இருந்தது. டிராக்தாமே அதைக் காட்டினார். அதனால் விண்மீன்களுக்கே திரும்பினார். அந்த ஆண்டு வீண் என்பவர் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவர். ஒரு மனிதன் மீண்டும் சிரிக்கத் தொடங்கியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

1933இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். திரினிற்றி அங்கத்தவர் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தும், கிடைக்காது என்ற நிச்சயத்தோடு ஒக்ஸ்போட்டுக்குப் போக மூட்டை கட்டினார். மோட்டாரில் ஏறிப் புறப்பட்டவர், வழியிலே எதற்கும் பார்ப்போம் என்று கல்லூரி வாசலில் நிறுத்தி அறிவித்தல் பலகையைப் பார்த்தார். அவருடைய பெயர் அதில் இருந்தது. இராமானுஜனுக்குப் பின் அவ் வரிசையிற் சேர்ந்த இந்தியர் அவரே. 1935இல் அதே எடிங்ரன் சபையிலே அவரை எள்ளி நகையாடியதும், அவர் அமெரிக்கா சென்றதும் வேறொரு நாள் சொல்ல வேண்டிய கதை.

இன்னும் ஒரு சம்பவம் உண்டு. 1936இல் சந்திரசேகர் விவாகத்தின் பொருட்டு ஊருக்கு வரும்போது, ஹாடி அவரிடம் ஓர் உதவி கேட்டார். இராமானுஜனைப் பற்றி அமெரிக்காவிலே சொற்பொழிவு செய்யவிருந்த ஹாடியிடம் அவருடைய நல்ல படம் ஒன்றுகூட இல்லை. ஐந்தாண்டு ஒன்றாக வேலை செய்தவர்களிடம் ஒரு படம் இல்லை! சந்திரசேகர் சென்னையில் விசாரித்து, ஜானகி அம்மாளைத் தேடிச் சென்றார். அந்த அம்மையார் கணவரின் பழைய பிரயாணப் பத்திரத்தை எடுத்து வந்து காட்டினார். 1919இல் நோயாளியாக ஊர் திரும்புவதற்காக எடுத்த படம் அதில் இருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்துப்பட்டி தளர்ந்து, கண்கள் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும் அந்தப் படத்தைச் சந்திரசேகர் பிரதி எடுத்துக் கொண்டுபோய் ஹாடியிடம் கொடுத்தார். இன்று உலகமெங்கும் புத்தகங்களில் நாம் காணும் இராமானுஜன் அந்தப் பிரயாணப் பத்திரத்திலிருந்து வந்தவர்.